30 நாட் காற்றில் ஒரு நாள்: ஹூட் ரிவர் விண்ட்சர்ஃபிங்குக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் ஒரிகான், வாஷிங்டன் மாநிலங்களுக்கு நடுவே எல்லையாக ஓடுகிறது கொலம்பியா ஆறு. கேஸ்கேட் மலைத்தொடரை அறுத்துக்கொண்டு அது போகும் சுமார் 130 கிலோமீட்டர் நீளப் பள்ளத்தாக்கை உள்ளூரில் 'கார்ஜ்' என்பார்கள். அதன் நடுவில், போர்ட்லாண்டிலிருந்து 100 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிற சின்ன ஊர் ஹூட் ரிவர். மரம் அறுப்பதும் பேரிக்காய் விளைவிப்பதுமாக இருந்த ஊர், 1980களில் விண்ட்சர்ஃபிங், அதாவது பாய் மாட்டிய பலகையில் (போர்டில்) நின்று காற்றால் தண்ணீரில் ஓடும் விளையாட்டின் ஊராக மாறியது. காரணம் காற்று.

கோடையில் மலைக்கு மேற்கே பசிபிக் கடலின் குளிர்ந்த, கனமான காற்று தேங்கி நிற்கும். கிழக்கே இருக்கும் வறண்ட நிலம் வெயிலில் கொதித்து, அங்கே காற்றழுத்தம் இறங்கும். குளிர்ந்த காற்று கிழக்கே போகத் தாழ்வான வழி இந்தப் பள்ளத்தாக்கு மட்டும்தான். அதனால் மொத்தமும் இதற்குள் புகுந்து வேகம் பிடிக்கும். இன்னொரு விசேஷம், காற்று கிழக்கே போகிறது, ஆறு மேற்கே போகிறது. இரண்டும் எதிரெதிராக மோதுவதால் ஆற்றிலேயே கடல் அலை மாதிரி செங்குத்தாக அலை எழும். அதே நீரோட்டம், காற்று நம்மைத் தள்ளிக்கொண்டு போகாமல் மேற்கே இழுத்தும் கொடுக்கும்.

காற்று 30 நாட், அதாவது மணிக்கு 55 கிலோமீட்டரைத் தொடும் நாளில் இங்கே எப்படி இறங்குவது, எப்படி ஓட்டுவது, எப்படிப் பத்திரமாகக் கரையேறுவது என்பதைக் காலையிலிருந்து மாலை வரை வரிசையாகச் சொல்கிறேன். பலத்த காற்று நாளில் காற்றுக்கு ஒருபோதும் பஞ்சமில்லை. கிடைக்கிற விசையில் பாதியை வேண்டாம் என்று ஒதுக்கத் தெரிவதுதான் அன்றைய வேலை. கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

இறங்கலாமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பாயின் இழுவையை இடுப்பில் தாங்கும் ஹார்னஸ் மாட்டி ஓட்டுவது, கால்பட்டையில் கால் நுழைத்து பிளேனிங்கில், அதாவது தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு போவது, தண்ணீரில் கிடந்தபடியே காற்றைப் பிடித்து எழும் வாட்டர்ஸ்டார்ட், இந்த மூன்றும் 20 நாட் காற்றில் யோசிக்காமல் வரவேண்டும். மூன்றில் வாட்டர்ஸ்டார்ட் மட்டும் சரியாக வராவிட்டால்கூட அன்றைக்கு இறங்காதீர்கள். 30 நாட்டுக்கு எடுக்கும் 75 லிட்டர் கன அளவுள்ள சின்னப் போர்டு, நீங்கள் அசையாமல் மேலே நின்றால் அமிழ்ந்துவிடும். அதன் மேல் நின்று கயிற்றால் பாயைத் தூக்குவது நடக்கிற காரியம் இல்லை.

ஒரு கணக்கை மனதில் வையுங்கள். பாயின் மேல் விழும் விசை காற்று வேகத்தின் இருமடியில் கூடும். 15 நாட் 30 நாட் ஆனால் விசை நாலு மடங்கு. "இரண்டு மடங்குதானே, சமாளிக்கலாம்" என்று நினைத்து இறங்குபவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

புதியவர்களுக்கு ஊரிலேயே 'ஹூக்' என்ற மறைவான நீர்ப்பகுதி இருக்கிறது. மற்றவர்கள் நடுஆற்றில் பறக்கும்போது அங்கே பயிற்சி எடுக்கலாம்.

காலையில் காற்றைப் படிப்பது

போர்ட்லாண்டின் காற்றழுத்தத்தையும், ஹூட் ரிவருக்குக் கிழக்கே இருக்கும் 'த டால்ஸ்' ஊரின் காற்றழுத்தத்தையும் பாருங்கள். மேற்கே கூடுதலாகவும் கிழக்கே குறைவாகவும் இருந்து, இடைவெளி பெரிதாகப் பெரிதாக மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, பலக்கும். ஐவிண்ட்சர்ஃப் போன்ற தளங்களில் ஆற்றங்கரை உணர்கருவிகளின் அளவு உடனுக்குடன் வரும். அதில் சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சராசரி 28, உச்சம் 32 என்றால் அது அருமையான நாள். சராசரி 25, உச்சம் 40, குறைந்தது 12 என்றால் அது சண்டை போடும் நாள். நானாக இருந்தால் அன்றைக்குக் காபி குடித்துவிட்டு வேடிக்கை பார்ப்பேன்.

அப்புறம் வானம். கடலிலிருந்து வரும் தாழ்ந்த மேகம் எந்த இடத்தில் முடிகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் மேகத்தின் விளிம்புக்குக் கிழக்கே, வெயில் அடிக்கும் பக்கம்தான் காற்று நன்றாக இருக்கும். மேகம் ஹூட் ரிவரையே மூடிவிட்டால் இங்கே உள்ளவர்கள் வண்டியைக் கிழக்கே விடுவார்கள்.

எங்கே இறங்குவது

ஊருக்குள் இருக்கும் 'ஈவென்ட் சைட்' வசதியானது. பாய் கட்டப் புல்தரை உண்டு, ஆள் நடமாட்டம் உண்டு. முதல் பலத்த காற்று நாளுக்கு அதுவே போதும். பக்கத்தில் ஹூட் ஆறு வந்து கலக்கும் இடத்தில் பெரிய மணல்திட்டு இருக்கிறது. 2006 நவம்பரில் மலையிலிருந்து இறங்கிய சேற்று வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மண் அது. அங்கே கைட், அதாவது பெரிய பட்டம் இழுக்கத் தண்ணீரில் ஓடுபவர்களின் ஆட்சி. அவர்களுடைய கயிறுகளுக்குக் கீழே போகாதீர்கள்.

எதிர்க்கரையில், வாஷிங்டன் பக்கம், மீன் குஞ்சு பொரிப்பகத்தை ஒட்டிய 'ஹேச்சரி' தான் பேர்பெற்ற இடம். அலை அங்கே ஒழுங்காக வரும், கெட்டிக்காரர்கள் கரையோரமே குதித்து வித்தை காட்டுவார்கள். ஆனால் இறங்குமிடம் முழுக்கப் பாறை. கொஞ்சம் கிழக்கே லைல் ஊர்ப் பக்கம் 'டக்ஸ் பீச்' இருக்கிறது. அங்கே ரயில் பாதையைக் கடந்துதான் தண்ணீருக்குப் போகவேண்டும். பலத்த காற்றில் ரயில் சத்தம் காதில் விழாது, இரண்டு பக்கமும் கண்ணால் பார்த்துக் கடந்து போங்கள்.

எந்த இடமானாலும் இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். உங்கள் எடை இருக்கும் ஒருவர் கரையேறும்போது என்ன அளவு பாய் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். எந்த அட்டவணையையும் விட இது நம்பகமானது.

என்ன எடுத்துப் போவது

70 முதல் 75 கிலோ எடை உள்ளவருக்கு 30 நாட்டில் 3.7 முதல் 4.0 சதுர மீட்டர் பாய். 35ஐத் தொட்டால் 3.3 முதல் 3.5. போர்டு 70 முதல் 80 லிட்டர். போர்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின் என்ற தகடு 20 முதல் 23 சென்டிமீட்டர். பாயை மட்டும் குறைத்துவிட்டு, வழக்கமான பெரிய போர்டையும் நீள ஃபின்னையும் வைத்துக்கொண்டு இறங்குவது பலரும் செய்கிற காரியம். வேகம் ஏறியதும் பெரிய ஃபின் போர்டின் பின்பக்கத்தைத் தூக்கும், அகலமான போர்டு ஒவ்வொரு அலையிலும் தட்டும், காற்று அதன் அடியில் புகுந்து மூக்கை, அதாவது முன்முனையைக் கிளப்பும். மூன்றையும் சேர்த்துத்தான் குறைக்கவேண்டும்.

இரண்டு பாய்க்கு நடுவில் சந்தேகம் வந்தால் சின்னதை எடுங்கள். இதில் விவாதமே வேண்டாம்.

ஆகஸ்டில் தண்ணீர் 20 டிகிரி வரை வரும், மே மாதத்தில் நன்றாகவே குளிரும். ஆனாலும் கோடையிலும் வெட்சூட் என்ற குளிர் தாங்கும் உடை போடுங்கள், இந்தக் காற்று ஈர உடம்பிலிருந்து சூட்டை உறிஞ்சிவிடும். ஹெல்மெட்டும், அடி தாங்கும் மிதவைச் சட்டையும் கட்டாயம். ஹார்னஸில் இரண்டு மீட்டர் கயிறும் ஒரு விசிலும் இருக்கட்டும்.

பாய் கட்டுவது

அவசரப்பட்டால் நாள் முழுக்க அனுபவிக்கவேண்டிய இடம் இது.

பாயை விரிக்கும்போது மாஸ்ட், அதாவது பாயைத் தாங்கும் கம்பம் நுழையும் பக்கம் காற்றைப் பார்த்து இருக்கட்டும். விரித்ததும் மேலே கனமாக எதையாவது வையுங்கள். கட்டி முடித்த பாயைப் போர்டில் மாட்டாமல், எதிலும் கட்டாமல் விட்டுவிட்டுக் கார் பக்கம் போகவே போகாதீர்கள். இந்தக் காற்றில் அது எழுந்து உருண்டு யார் தலையிலாவது விழும்.

டவுன்ஹால், அதாவது பாயைக் கீழ்நோக்கி இழுக்கும் கயிறுதான் உங்கள் முக்கியமான கட்டுப்பாடு. அதைத் தாராளமாக இழுங்கள். மேல்பகுதியில் பாயின் பின்விளிம்பு தொளதொளவென்று ஆடவேண்டும். எவ்வளவு தொளதொளக்கவேண்டும் என்பதற்குப் பல பாய்களில் அடையாளமே போட்டிருப்பார்கள், பலத்த காற்றில் அதன் கடைசி அடையாளம் வரை போகலாம். புதிதாகப் பார்ப்பவருக்குப் பாய் கெட்டுப்போனது போலத் தோன்றும். திடீர்க் காற்று அடிக்கும்போது அந்தத் தளர்ந்த மேல்பகுதி முறுக்கி விலகி, மிச்சக் காற்றை வெளியே விட்டுவிடும். டவுன்ஹால் குறைவாக இருந்தால் அவ்வளவும் உங்கள் கையில் இறங்கும். கையால் இழுக்க முடியாவிட்டால் கைப்பிடி போட்ட இழுப்பான் வாங்கிக்கொள்ளுங்கள், முதுகை நம்பாதீர்கள்.

அவுட்ஹால், அதாவது பாயைப் பின்நோக்கி இழுக்கும் கயிற்றை வழக்கத்தைவிட இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கூட இழுத்தால் பாயின் வயிறு தட்டையாகும். பூம், அதாவது கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பை வழக்கமான உயரத்திலிருந்து ஒரு விரல் அளவு இறக்குங்கள். மாஸ்ட் அடியை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னே தள்ளுங்கள், மூக்கு அடங்கி இருக்கும். ஹார்னஸை மாட்டப் பூமில் இருக்கும் கயிறுகளைக் கொஞ்சம் பின்னே நகர்த்துங்கள், ஏனென்றால் பலத்த காற்றில் இழுவையின் மையம் பின்னே போகும். பின்கைக்குப் பாரம் தெரிந்தால் கயிறு இன்னும் பின்னே போகவேண்டும் என்று அர்த்தம்.

தண்ணீர் வரை போவது

சிரிக்காதீர்கள், இதற்கும் முறை இருக்கிறது. போர்டும் பாயும் சேர்ந்திருக்க, ஒரு கை பூமில், ஒரு கை முன் கால்பட்டையில். மாஸ்ட் எப்போதும் காற்று வரும் பக்கம். காற்று பாயின் பின்முனையைப் பிடித்துவிட்டால் உங்களையும் சேர்த்துத் திருப்பிவிடும். அப்படித் திரும்ப ஆரம்பித்தால் மல்லுக்கட்டாமல் நீங்களும் அதோடு சேர்ந்து திரும்பிவிடுங்கள்.

ஃபின் தட்டாத ஆழம் வரை நடந்து போங்கள். காற்று கொஞ்சம் மறைவாக இருக்கும் கரையோரத்தில் எல்லாம் சாதுவாகத்தான் தெரியும். முழு வேகம் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிக் காத்திருக்கும்.

எழுவது

போர்டைக் காற்றுக்குக் குறுக்கே, மூக்கு காற்று வரும் பக்கமே சற்றுச் சாய்ந்திருக்கும்படி வையுங்கள். மூக்கு காற்று போகும் திசையில் திரும்பிவிட்டால் எழும் கணத்திலேயே போர்டு பிய்த்துக்கொண்டு ஓடும், நீங்கள் அதன் முன்னால் போய் விழுவீர்கள். பின்காலை நடுக்கோட்டுக்கு அருகே வையுங்கள். முன்கையை நீட்டிப் பாயை உயர்த்துங்கள். பின்கையை மெல்ல, மிக மெல்ல உள்ளே இழுங்கள். பாயில் காற்று முழுசாக நிரம்பவேண்டிய அவசியமே இல்லை, பாதி நிரம்பியதும் அது உங்களைத் தூக்கிவிடும். எழும்போது நிமிராதீர்கள், பின்கால் முட்டியை மடக்கி உட்கார்ந்த வாக்கிலேயே மேலே வாருங்கள்.

முதல் ஓட்டம்

எழுந்ததும் ஹார்னஸை மாட்டுங்கள். கால்பட்டைகள் அப்புறம். 15 நாட் காற்றில் பழகியவர்கள் முதலில் காலைத் தேடுவார்கள், அந்த இரண்டு நொடியில் கைகள் களைத்துவிடும். ஹார்னஸ் மாட்டி, இடுப்பைக் கீழே இறக்கி, எடையை அதில் தொங்கவிடுங்கள். அந்த எடை பூம் வழியாக, மாஸ்ட் வழியாகப் போர்டின் முன்பகுதிக்குப் போய், மூக்கு எழாமல் அமுக்கும். பிறகு முன்கால், அதன் பிறகு பின்கால்.

இப்போது உடம்பு சொல்வதற்கு நேர் எதிராகச் செய்யவேண்டிய இடம் வருகிறது. வேகம் ஏறி, போர்டு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஓடும்போது, பயத்தில் பின்கை தானாகப் பாயைத் திறக்க, அதாவது பூமைத் தளர்த்திக் காற்றை வெளியே விடப் பார்க்கும். திறந்தால் என்ன ஆகும்? இழுவை பக்கவாட்டிலிருந்து மாறி மேலே போகும், ஹார்னஸில் பாரம் இல்லாமல் போகும், மாஸ்ட் அடியில் அழுத்தம் விட்டுப்போகும், மூக்கு எழும், அடியில் காற்று புகும். மறுகணம் நீங்கள் ஆகாயத்தில். பாயை மூடியே வையுங்கள், இன்னும் கொஞ்சம் இறங்கி உட்காருங்கள். வேகத்தைக் குறைக்கவேண்டுமானால் போர்டைச் சற்று காற்றுப் பக்கம் திருப்புங்கள். திடீர்க் காற்றில் பயந்து காற்றோடு திருப்புவது எரிகிற தீயில் எண்ணெய்தான்.

முட்டிகள் தளர்ந்திருக்கட்டும், அலையின் தட்டு அங்கேயே நிற்கவேண்டும். மூக்கைப் பார்க்காமல், முன்னே முப்பது, நாற்பது மீட்டர் காற்றுப் பக்கமாகப் பாருங்கள். தண்ணீரின் மேல் கருப்பாகச் சுருங்கி ஓடிவரும் பட்டைதான் அடுத்த திடீர்க் காற்று. அது வந்து சேர்வதற்கு முன்பே இறங்கி உட்கார்ந்துவிட்டால் அடி வலிக்காது.

இந்த ஓட்டத்தில் கிடைக்கும் போதையைச் சொல்லி முடியாது. போர்டு அலை உச்சிகளை மட்டும் தொட்டுக்கொண்டு போகும், முகத்தில் நீர்த்துளி ஊசியாகக் குத்தும், காதில் காற்றின் இரைச்சல் தவிர வேறொன்றும் இருக்காது. ஆனால் வேகத்தை அளக்க இது இடமில்லை. 2015ல் பிரான்ஸின் அந்துவான் அல்போ 53.27 நாட் தொட்டது நமீபியாவின் லூடரிட்ஸில், அதற்கென்றே தோண்டிய அலையில்லாத கால்வாயில்.

தூக்கி எறியப்பட்டால்

கட்டாயம் ஒருமுறையாவது நடக்கும். பூமை விடாதீர்கள். பிடித்திருந்தால் பாயோடு சேர்ந்து போய்ப் பாயின் மேல் விழுவீர்கள். விட்டுவிட்டால் ஹார்னஸ் கொக்கியை அச்சாக வைத்து உங்களைச் சுழற்றி, மாஸ்ட் மேலோ போர்டின் மூக்கின் மேலோ அடிக்கும். விழுந்தபின் ஹார்னஸ் கயிறு மாட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக் கழற்றுங்கள். பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டால் பதற்றம் வேண்டாம், ஒரு கையால் பாயைத் தூக்கினாலே மூச்சு விட இடம் கிடைக்கும். மாஸ்ட் பக்கமாக நகர்ந்து வெளியே வாருங்கள்.

திரும்புவது

பலத்த காற்றில் ஜைப், அதாவது காற்று போகும் பக்கமாகச் சுற்றித் திரும்புவது, பயமுறுத்துவதற்குக் காரணம் வேகம் இல்லை, வேகத்தைக் குறைப்பதுதான். காற்றின் திசையிலேயே நல்ல வேகத்தில் போகும்போது போர்டின் வேகம் காற்றின் வேகத்தில் கழிந்துபோகும், பாய் கையில் இலேசாகிவிடும். நடுவில் பயந்து தயங்கினால் மொத்தக் காற்றும் பாயில் வந்து விழும்.

இரண்டு அலைகளுக்கு நடுவே தட்டையான இடத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுங்கள். முழு வேகத்தில் ஹார்னஸைக் கழற்றி, பின்கையைப் பூமில் நன்றாகப் பின்னே தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்காலைப் பட்டையிலிருந்து எடுத்து, திரும்பும் பக்க விளிம்பில் வைத்து அழுத்துங்கள். முட்டியை மடக்கி, உடம்பை முன்னேயும் உள்ளேயும் கொண்டுபோங்கள். பாயை வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே இழுத்து அதன் இழுவையைக் கொல்லுங்கள். போர்டு காற்றின் திசையைத் தாண்டி, பாய் எடையற்றதாகத் தோன்றும் அந்த நொடியில் கால்களை மாற்றிப் பாயைப் புரட்டுங்கள்.

வரவில்லையா? நிறுத்தி, தண்ணீரில் இறங்கி, போர்டைத் திருப்பி வாட்டர்ஸ்டார்ட் போடுங்கள். அன்றைக்குப் பாதிப் பேர் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள்.

ஆற்றில் மற்றவர்கள்

எதிரே வருபவர்களில், காற்றை வலப்பக்கம் வாங்கிக்கொண்டு, வலதுகை மாஸ்ட் பக்கம் இருக்க வருபவருக்கே வழி. மேல்காற்றில் இந்த ஆற்றுக்கு இதை எளிதாக நினைவு வைக்கலாம். ஒரிகான் கரையை நோக்கி வருபவருக்கு வழி, வாஷிங்டனை நோக்கிப் போகிறவர் விலகவேண்டும்.

பார்ஜ்களிடம், அதாவது பெரிய தட்டைச் சரக்குப் படகுகளிடம் எந்த விதியும் பேசாதீர்கள். ஐடஹோ வரைக்கும் உள்ளே போய்க் கோதுமை ஏற்றி வரும் இழுவைப் படகுகள், நாலு பார்ஜ் வரை சேர்த்துக் கட்டித் தள்ளிக்கொண்டு வரும். அவற்றால் நிற்கவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. ஐந்து குறுகிய ஊதல் கேட்டால் அது ஆபத்து எச்சரிக்கை. அதன் முன்னால் கடக்கும் ஆசையை விட்டுவிடுங்கள், நடுவழியில் விழுந்தால் எழ நேரம் இருக்காது. 1855 உடன்படிக்கைகளின்படி இங்கே மீன்பிடி உரிமை உள்ள யகாமா, வார்ம் ஸ்பிரிங்ஸ், உமடில்லா, நெஸ் பெர்ஸ் பழங்குடியினரின் வலைகளும் ஆற்றில் இருக்கும். மிதவை வரிசையைப் பார்த்தால் சுற்றிப் போங்கள். வலை அவர்கள் பிழைப்பு, ஃபின் அதைக் கிழித்துவிடும்.

ஏதாவது உடைந்தால்

மாஸ்ட் அடியில் இருக்கும் ரப்பர் மூட்டு உடைந்து பாய் தனியே, போர்டு தனியே ஆகிவிட்டால் முதலில் போர்டை நோக்கி நீந்துங்கள். பாய் தண்ணீரில் நங்கூரம் போட்டதுபோல் கிடக்கும், போர்டு காற்றில் பறந்துவிடும். போர்டைப் பிடித்த பிறகு, கையில் இருக்கும் கயிற்றால் இரண்டையும் சேர்த்துக் கட்டலாம். முடியாவிட்டால் பாயைக் கைவிடுங்கள். போர்டை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

ஆறு இங்கே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் அகலம். போர்டின் மேல் படுத்துக் கையால் துழாவிக் குறுக்கே போனால் ஏதோ ஒரு கரை வந்துவிடும். உதவி வேண்டுமானால் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக உயர்த்தித் தாழ்த்திக் காட்டுங்கள். அந்தச் சைகை எல்லாருக்கும் புரியும். காற்று திடீரென்று விழுந்துவிட்டால் நீரோட்டம் உங்களை மேற்கே கொண்டுபோகும், அதையும் கணக்கில் வைத்துக் கரையைத் தேர்ந்தெடுங்கள்.

எப்போது கரையேறுவது

முழங்கைக்குக் கீழே தசைகள் இறுகிப் பூமை முழுசாகப் பிடிக்க முடியாமல் போவது முதல் அறிகுறி. வாட்டர்ஸ்டார்ட் இரண்டாம் முயற்சியிலும் வராமல் போவது அடுத்தது. 'கடைசியாக ஒரே ஒரு ஓட்டம்' என்று தோன்றினால், ஏற்கெனவே ஒரு ஓட்டம் கூடுதலாகிவிட்டது. அரைமணி நேரத்துக்கு ஒருமுறை கரையேறித் தண்ணீர் குடித்து, ஏதாவது சாப்பிட்டு, காற்று கூடியிருந்தால் பாயை மாற்றி இறங்குங்கள். டவுன்ஹால் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் இழுத்தாலே பல நேரம் போதும்.

பாயைக் கழற்றும்போது அவுட்ஹாலை முதலில் தளர்த்துங்கள், பிறகு டவுன்ஹால். மேல்முனையிலிருந்து கீழ்நோக்கிச் சுருட்டுங்கள். மாஸ்டின் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் மணல் புகுந்திருக்கும், கழற்றுவதற்கு முன் தண்ணீர் ஊற்றி அலசுங்கள். அப்படியும் பிரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். இரவு முழுக்க மாட்டியபடியே விட்டால் மறுநாள் காலையில் இருவராலும் முடியாது.